இடைவெளி விட்டுக் கொடுத்த மாத்திரைகள்

என் மகளின் இரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்த அன்று நான் சந்தோஷப்பட்டேன். இப்போது அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. திருநெல்வேலியில் மனநல மருத்துவரின் அறைக்கு வெளியே, சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்தேன். பி12 குறைவு. வைட்டமின் டி மிகவும் குறைவு. இரண்டுக்கும் பக்கத்தில் கீழ்நோக்கி அம்புக்குறி போட்டிருந்தது. மனைவியின் பக்கம் சாய்ந்து, "பாத்தியா, சத்துதான் இல்ல. வேற ஒண்ணும் இல்ல," என்றேன். அவள் தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாள். எங்களுக்கு நடுவே இருந்த மகள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கரன்கோவிலில் எனக்குச் சொந்தமாக உரக்கடை இருக்கிறது. விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் உண்டு. விவசாயப் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலைக்குப் போகாமல் கடை வைத்தவன் நான். திருவேங்கடம், மேலநீலிதநல்லூர், கரிவலம் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் பாலிதீன் பையில் ஓர் இலையைப் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். இளம் இலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுப்பகுதி வெளுத்தால் இரும்புச்சத்து இல்லை. மக்காச்சோளக் குருத்தில் வெள்ளைப் பட்டை ஓடினால் துத்தநாகம் இல்லை. எங்கள் கரிசல் மண்ணில் சத்து இருந்தாலும் பயிருக்குக் கிடைக்காது, மண் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளும். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி, வாடி நிற்கிற எதைப் பார்த்தாலும் இதில் என்ன சத்துக் குறைகிறது என்று யோசிக்கிற புத்தி எனக்கு வந்துவிட்டது. மகளையும் அப்படித்தான் பார்த்தேன்.

அவள் திருநெல்வேலியில் விடுதியில் தங்கி முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவளுடைய அறைத்தோழி என் மனைவிக்குப் போன் செய்து, "அவ கிளாஸுக்கே வாரதில்ல ஆன்ட்டி, கட்டில விட்டு எந்திரிக்கவே மாட்டேங்கா," என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. போய்க் கூட்டிக்கொண்டு வந்தோம். வீட்டிலும் அப்படியே கிடந்தாள். குளிக்கச் சொன்னால் குளிப்பாள், சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய் சாப்பிடுவாள். தலை வாரச் சொன்னால் மட்டும் அழுவாள். ஏன் என்று கேட்டால், "கை தூக்க முடியலம்மா," என்பாள். மனநல மருத்துவரிடம் போகலாம் என்று சொன்னது மனைவிதான். உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை அவள். பிள்ளைகளின் முகம் பார்த்துப் பழகியவள். எனக்கு அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே போய் நிற்கவே கால் வரவில்லை.

மருத்துவர் எங்கள் வயதுப் பெண்மணி. நிதானமாகப் பேசினார். மனச்சோர்வு என்றார். ஒரு மாத்திரை எழுதினார், அதோடு பி12, வைட்டமின் டி, மீன் எண்ணெய்க் குளிகை. எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல்தான் சொன்னார்: "இந்த மாத்திரைதான் மெயின். தினமும் ஒரே நேரத்துல போடணும். மத்தது எல்லாம் துணைக்கு. சத்து குறைஞ்சிருந்தா மருந்து வேலை செய்யறதுக்கு லேட்டாகும், அதுக்காகக் குடுக்கறேன். எதையும் நீங்களா நிறுத்தாதீங்க. சந்தேகம்னா போன் பண்ணுங்க."

நான் தலையாட்டினேன். பேருந்தில் திரும்பும்போது எனக்கு ஞாபகம் இருந்தது சத்து என்ற சொல் மட்டும்தான்.

ஊருக்கு அந்தச் சொல் வசதியாக இருந்தது. பிள்ளை ஏன் படிப்பை நிறுத்திவிட்டு வந்துவிட்டாள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "ரத்தத்துல சத்து கம்மியாம், டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காவ," என்றேன். என் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரலும் கேப்பை மாவும் கருப்பட்டியுமாக வந்து இறங்கினாள். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள்.

"ஹாஸ்டல்ல என்னத்தட்டி தின்ன? வெறும் மேகியா? எலும்பு எலும்பா இருக்கே. தின்னா எல்லாம் சரியாப் போயிரும். எங்க காலத்துல சத்து மாத்திரைய யாரு கண்டா?"

"சரி அத்தை," என்றாள் மகள். ஒவ்வொரு வாய்க்கும் அவள் கண் என் பக்கம் வந்து போனது. உண்மையை நான் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்தாளோ, சொல்லிவிடக் கூடாது என்று பயந்தாளோ, அன்று நான் யோசிக்கவில்லை. ஈரல் நல்லது, பி12 அதில்தான் இருக்கிறது என்று அக்காவோடு சேர்ந்து நானும் பேசிக்கொண்டிருந்தேன்.

மாத்திரை கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மனைவி காலையிலேயே பள்ளிக்குப் போய்விடுவாள். நான் கடை திறக்குமுன் மகளை எழுப்பி, இட்லியோ தோசையோ சாப்பிட வைத்து, மாத்திரைகளை உரித்து உள்ளங்கையில் வைப்பேன். என்ன, எதற்கு என்று பார்க்கவே மாட்டாள். வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். மீன் எண்ணெயை மட்டும் அவளுக்குப் பிடிக்காது.

"யப்பா, இத முழுங்கினா நாள் பூரா ஏப்பத்துல தூத்துக்குடி வாசம் அடிக்கி."

நீண்ட நாளைக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வேடிக்கை அது. நான் பள்ளிக்கே போன் செய்து மனைவியை வகுப்பிலிருந்து கூப்பிட்டுச் சொன்னேன். அவளாகவே தலை வாரிக்கொண்ட நாளும் அதே வாரத்தில்தான் வந்தது. மருந்து வேலை செய்யத் தொடங்கியிருந்தது. அது மருந்து என்று நான் நினைக்கவில்லை. மாத்திரை மருத்துவர் எழுதியது. மீன் எண்ணெயை வேளை தவறாமல் கொடுத்தது நான், முற்றத்து வெயிலில் அவளை உட்கார வைத்தது நான், முருங்கைக்கீரை ஆய்ந்தது நான். அவள் தேறியதில் என் பங்குதான் பெரிது என்று மனதுக்குள் எடுத்துக்கொண்டேன். பிள்ளையைத் தேற்றியது நாமாக இருக்க வேண்டும் என்ற ஆசை எந்தப் பெற்றோருக்கும் இருக்கும். அதை அன்றே அடையாளம் கண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போனில் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். துத்தநாகம் குறைந்தாலும் மனம் சோர்ந்துபோகும் என்று ஒன்று, மெக்னீசியம் என்று ஒன்று, இரும்பு என்று இன்னொன்று. இவையெல்லாம் நான் தினமும் மூட்டை மூட்டையாக விற்கிற பெயர்கள். அந்நியமான ஒரு நோய்க்குள் எனக்குத் தெரிந்த முகங்கள் வந்து நின்ற மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாக வாங்கி வந்தேன். மருத்துவரிடம் கேட்கவில்லை. சத்துதானே, இதற்குப் போய் அவரைத் தொந்தரவு செய்வதா என்று தோன்றியது. மேசையில் டப்பாக்கள் சேர்ந்தன.

அப்போதுதான் கடையில் ஒரு பேச்சு நடந்தது. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் விவசாயம் செய்கிற சம்சாரி ஒருவர், என் பழைய வாடிக்கையாளர், மக்காச்சோளத்துக்கு மருந்து வாங்க வந்திருந்தார். துத்தநாகம், பூச்சிமருந்து, பூஞ்சாண மருந்து, இலைவழி உரம் எல்லாவற்றையும் ஒரே டேங்கில் கலந்து ஒரே நாளில் அடித்துவிட வேண்டும் என்றார்.

"அண்ணாச்சி, ஆளுக்கு எங்கன போவேன்? ஒரே அடியா அடிச்சுட்டு வந்து படுத்துருவேன்."

"வே, உமக்கு எத்தன தடவ சொல்லுததுவே? எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்தா ஒண்ண ஒண்ணு தின்னுப்புடும். இல்லன்னா திரிஞ்சு போயி பயிரு கருகும். ஒண்ண அடிச்சுட்டு இடைவெளி விட்டு அடுத்தத அடியும்."

"நீங்க உரக்கடைக்குப் பதிலா ஆஸ்பத்திரி வச்சிருக்கணும் அண்ணாச்சி. பயிருக்கே இப்படி பத்தியம் சொல்லுதீய!"

எல்லோரும் சிரித்தோம். அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்தபோது என் வீட்டு மேசை நினைவுக்கு வந்தது. துத்தநாகம், மெக்னீசியம், இரும்பு, பி12, மீன் எண்ணெய், இவற்றோடு அந்த மாத்திரையையும் சேர்த்து ஒரே நேரத்தில் என் பிள்ளையின் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டிருக்கிறேனே என்று திடுக்கிட்டேன். ஊருக்கெல்லாம் சொல்கிறவன் சொந்த வீட்டில் எல்லாவற்றையும் ஒரே டேங்கில் கலந்துகொண்டிருக்கிறேன்.

மறுநாள் முதல் மாற்றிவிட்டேன். ஒரு நாள் சத்துகள் மட்டும். மறுநாள் அந்த மாத்திரை மட்டும். நடுவில் போதிய இடைவெளி. எனக்கு அது அவ்வளவு சரியாகப் பட்டது. மனைவியிடம் மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சொல்கிற அளவுக்கு அது பெரிய விஷயமாகவும் தோன்றவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. அவள் வழக்கம்போல் கையை நீட்டினாள். நான் வைத்ததை விழுங்கினாள்.

கொஞ்ச நாளில் அவளுக்குத் தலைசுற்றல் வந்தது. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். "தலைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி இருக்குப்பா. கண்ணத் திருப்பினா விர்ருங்கு," என்றாள். காரணமில்லாமல் கோபம் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டாள், அப்புறம் அதற்காக ரொம்ப நேரம் அழுதாள். எனக்கு இதுவும் கடைக்கணக்காகவே தெரிந்தது. மருந்தின் வீரியம் தாங்காமல் பயிர் கருகுகிறது. அப்படியானால் என்ன செய்வோம்? இடைவெளியைக் கூட்டுவோம். கூட்டினேன். அந்த மாத்திரையை மூன்று நாளுக்கு ஒன்று என்று ஆக்கினேன். சத்துகளைத் தவறாமல் கொடுத்தேன்.

மனைவி கவலையோடு, "முன்னால தேறி வந்தாளே, ஏன் மறுபடி இப்படி ஆகுது? டாக்டர்ட்ட பேசுவமா?" என்று கேட்டாள். "மருந்து கொஞ்சம் சூடு. பழகிரும். அடுத்த தடவ போகும்போது சொல்லுவோம்," என்றேன். நான் அப்படி நிச்சயமாகச் சொன்னதால் அவளும் விட்டுவிட்டாள். கடையில் என் வார்த்தைக்கு இருந்த மதிப்பு வீட்டிலும் இருந்ததுதான் கேடாகப் போயிற்று.

தலை வாரிக்கொள்வது மறுபடி நின்றது. முற்றத்து வெயிலுக்கும் வர மறுத்தாள். ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம் கடந்து கடைத்தெரு அடங்கியிருந்த வேளையில், அவள் கடைக்கு வந்தாள்.

நான் அன்று எவ்வளவு முட்டாளாக இருந்தேன் என்பதற்கு அந்த முதல் நிமிடம் போதும். அவள் தானாக வெளியே கிளம்பி, தெருவில் நடந்து, என் கடைப்படியில் ஏறி நிற்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த மேலநீலிதநல்லூர்க்காரர் அன்றும் இருந்தார். "நம்ம பொண்ணுதான்வே," என்று அவரிடம் சொல்லிவிட்டு, "வாட்டி மக்கா, உக்காரு. சர்பத் சொல்லட்டுமா?" என்றேன்.

அவள் உட்காரவில்லை. கல்லாவுக்குப் பின்னால் இருந்த அலமாரிகளின் பக்கம் திரும்பாமல், தெருவைப் பார்த்தபடி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலில் செருப்பு இல்லை.

"யப்பா, கடைய அடைங்க."

"என்னட்டி, வந்ததும் வராததுமா? யாவாரம் நடந்துட்டு இருக்குலா." சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"அடைங்கப்பா. எனக்கு இங்கன நிக்கப் பயமா இருக்கு. நான் வேற எதுக்கோ கிளம்பி வந்தேன். உங்களப் பாத்ததும் சொல்லிரணும்னு தோணிச்சு. கடைய அடைச்சுட்டு என்னய எங்கயாவது கூட்டிட்டுப் போங்க."

என் கடையில் என்னென்ன இருக்கிறது என்று சிறு பிள்ளையிலிருந்தே அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்லாவிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தச் சம்சாரி தான் வாங்கிய மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஷட்டரை இழுத்து இறக்கினார். "நீங்க பிள்ளையப் பாருங்க அண்ணாச்சி," என்று என் கையிலிருந்து சாவியை வாங்கிப் பூட்டிக் கொடுத்தார்.

வாடகைக் காரில் போகும் வழியில் பள்ளி வாசலில் நிறுத்தி மனைவியை ஏற்றிக்கொண்டோம். அவள் கையில் சாக்பீஸ் தூள் இருந்தது. அந்தக் கையோடு மகளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். திருநெல்வேலி போகும்வரை இரண்டு பக்கமும் மழைக்குக் காத்துக் கிடக்கிற கரிசல். வழக்கமாக அதைப் பார்த்தால் எந்த வயலுக்கு என்ன தேவை என்று மனம் ஓடும். அன்று ஒன்றும் ஓடவில்லை.

மருத்துவர் எங்களை உடனே உள்ளே கூப்பிட்டார். மகளிடம் நேராகக் கேட்டார், அவளும் நேராகச் சொன்னாள். அவற்றை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. பிறகு மருத்துவர், "மாத்திரை தினமும் போடுறியாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம். எங்கப்பாதான் எடுத்துத் தருவாங்க. ஒரு நாள்கூட விட்டதில்ல."

அதை அவள் ஒருவிதப் பெருமையோடு சொன்னாள். அந்த நிலையிலும் என்னை விட்டுக்கொடுக்காமல் சொன்னாள். மருத்துவர் எழுதத் தொடங்கினார். மருந்தின் அளவைக் கூட்டப் போகிறார் என்பது எனக்குப் புரிந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அந்த அளவு அவளுக்குக் கூடிப்போகும். "இல்லங்க," என்றேன். "தினமும் குடுக்கல."

இடைவெளி விட்டதைச் சொன்னேன். துத்தநாகம், மெக்னீசியம், இரும்பு எல்லாவற்றையும் சொன்னேன். டேங்கில் கலப்பதைப் பற்றியும் சொன்னேன். சொல்லச் சொல்ல, என் கடையில் கணீரென்று ஒலித்த அந்த நியாயங்கள் அந்தச் சிறிய அறையில் ஒன்றுக்கும் ஆகாதவையாக உதிர்ந்தன. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மகள் பார்க்கவில்லை.

மருத்துவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார். "இந்த மருந்து உடம்புல ஒரே அளவுல நிக்கணும் சார். அதுக்குத்தான் தினமும். விட்டு விட்டுக் குடுத்தா ஏறி ஏறி இறங்கும். தலைசுத்து, கரண்ட் அடிக்கற மாதிரி இருக்கறது, கோபம், இதெல்லாம் மருந்து அதிகமாகி வந்தது இல்ல. மருந்து இல்லாத நாள்ல வந்தது. சத்து மாத்திரையில ஒண்ணு ரெண்டுக்குத்தான் நேரம் மாத்திப் போடணும். அதை நான் சொல்லுவேனே. என்கிட்ட ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

அவ்வளவுதான் சொன்னார். துத்தநாகம், மெக்னீசியம், இரும்பு மூன்றையும் நிறுத்தச் சொன்னார். பி12, வைட்டமின் டி இரண்டும் இருக்கட்டும், மருந்தோடு சேர்த்தே போடலாம் என்றார்.

"மீன் எண்ணெயையும் நிறுத்திரலாமா மேடம்?" என்று மகள் கேட்டாள். மருத்துவர் லேசாகச் சிரித்து, "பிடிக்கலன்னா வேண்டாம். மீன் சாப்பிடு," என்றார்.

சில நாள் அங்கேயே தங்க வைத்தார்கள். முதல் நாள் சாயங்காலம் மனைவி சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலில் சாய்ந்திருந்த மகள் கூரையைப் பார்த்தபடி பேசினாள்.

"யப்பா, எனக்கு முன்னால கொஞ்சம் நல்லா இருந்துச்சுல்லா?"

"ஆமா மக்கா."

"அப்புறம் மோசமாச்சு. தினமும் மருந்து போட்டும் மோசமாகுதேன்னு நெனச்சேன். மருந்துக்கே அடங்காத சீக்கு நமக்கு, இனி எது போட்டாலும் சரியாகாதுன்னு நெனச்சுட்டேன். அதனாலதான்பா அன்னைக்கு அப்படிக் கிளம்பி வந்தேன்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. இன்னைக்கு மாத்திரை இல்லன்னு. அப்ப அது நான் இல்ல, மாத்திரை இல்லாததுன்னாவது தெரிஞ்சிருக்கும்லா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கணக்கைப் புரிந்துகொள்கிறவளைப் போல மெதுவாகச் சொன்னாள். எத்தனையோ முறை இதை நினைத்துப் பார்த்துவிட்டேன். மருந்தை விட்டு விட்டுக் கொடுத்ததுகூட மருத்துவரால் சரிசெய்ய முடிந்த தவறு. தனக்கு மீட்சியே இல்லை என்று ஒரு பிள்ளை தனியாக ஓர் அறைக்குள் கிடந்து முடிவுக்கு வந்தாளே, அதற்குப் பொய்யான சாட்சியை நான்தான் நாள்தோறும் அவள் உள்ளங்கையில் வைத்திருக்கிறேன்.

மனைவி ஊர் திரும்பிய பிறகுதான் என்னிடம் பேசினாள். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்: "உங்க கடையில எவனாவது தப்பா மருந்தடிச்சுட்டு வந்தா, 'எங்கிட்ட கேக்காம ஏன்வே அடிச்ச'ன்னு தெருவே கேக்கக் கத்துவீய. நீங்க யாருட்ட கேட்டீய?"

நான் உட்கார்ந்து மீதி வெங்காயத்தை உரித்தேன்.

மாத்திரைகளை யார் வைத்திருப்பது என்று மருத்துவர் கேட்டபோது, மகள் யோசிக்காமல், "அம்மாட்ட இருக்கட்டும்," என்று சொல்லியிருந்தாள். அப்படியே ஆயிற்று. மனைவி பீரோவில் வைத்துப் பூட்டி, காலையில் பள்ளிக்குப் போகுமுன் அவளே கொடுத்தாள். நான் அந்த நேரத்தில் முற்றத்துக்குப் போய்விடுவேன். பூச்சிமருந்து வியாபாரத்தை விட்டுவிட்டேன். இப்போது விதையும் உரமும் மட்டும்தான். "என்ன அண்ணாச்சி, பாதிக் கடைதான் இருக்கு?" என்று கேட்கிறவர்களிடம் வயசாகுது என்கிறேன். இலையைக் கொண்டு வந்தால் இன்னும் பார்க்கிறேன். முன்பு போல உடனே வாயில் பதில் வருவதில்லை. இன்னும் இரண்டு இலை பறித்து வாருமே, வேளாண்மை அலுவலரிடமும் காட்டுமே என்கிறேன். அவர்களுக்கு அது சலிப்பாக இருக்கிறது.

மருந்து ஒழுங்காகப் போகத் தொடங்கி வாரங்கள் கழிந்தபின் மெதுவாகத்தான் தேறினாள். ஒரு நாள் அக்கா போன் செய்தாள். நான் கூடத்தில் இருந்தேன். மகள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, சத்தெல்லாம் ஏறிட்டா?"

"அத்தை, எனக்குச் சத்துக் குறைவு மட்டும் இல்ல. மனச்சோர்வு. டிப்ரெஷன். அதுக்கு மாத்திரை போடுதேன். சத்து மாத்திரையும் கூடப் போடுதேன்."

நான் எழுந்து போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். பிறகு அக்கா, "சரி மக்கா. அதுக்கு மருந்து இருக்குல்லா, போடு. மத்தியானம் சாப்ட்டியா?" என்றாள்.

அவ்வளவு எளிதாக முடிந்தது. எதற்குப் பயந்து நான் அத்தனை மாதம் பிள்ளையை ஈரல் தின்ன வைத்தேனோ, அது ஒரு போன் பேச்சில் முடிந்துவிட்டது.

இப்போது அவள் படிப்பை முடிக்கத் திரும்பிப் போயிருக்கிறாள். மருத்துவரும் சரி என்றுதான் அனுப்பினார். மாத்திரைகளை இனி அவளே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். பேருந்து நிலையத்தில் பையை ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் நின்று என்ன சொல்வது என்று தெரியாமல் நான் தவித்தபோது அவளே சொன்னாள்: "யப்பா, மாத்திரை போட்டியா, சாப்ட்டியான்னு கேட்டுப் போன் பண்ணாதீங்க. அம்மா கேப்பாங்க. நீங்க நான் எப்படி இருக்கேன்னு மட்டும் கேளுங்க."

சுலபமாகத் தோன்றியது. சுலபமில்லை. ஒரு வயலைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கத் தெரிந்த எனக்கு இந்த ஒரு கேள்வி வாயில் வர இன்னும் கூசுகிறது. அவள் போன் எடுக்கச் சற்றுத் தாமதமானால் கல்லாவில் உட்கார முடியாமல் வாசலுக்கு வந்துவிடுகிறேன். எடுத்துவிட்டால், நன்றாக இருக்கிறேன் என்று அவள் சொல்கிற குரலில் எது உண்மை என்று தேடுகிறேன்.

போன வாரம் ஒரு நாள், கடையில் ஆள் இருந்த நேரம், போன் செய்தேன். "எப்படிட்டி இருக்க?"

"இன்னைக்கு நல்லால்லப்பா."

டாக்டரிடம் பேசட்டுமா, கிளம்பி வரட்டுமா, சரியாகத் தூங்கினாயா, எல்லாம் நுனிநாக்கில் வந்து முட்டியது. "பயப்படுத மாதிரி இருக்கா மக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்ல, அப்படி இல்ல. அப்படின்னா சொல்லிருவேன். இது சும்மா மோசமான நாளு."

"நான் என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம். போன வைக்காம கொஞ்ச நேரம் அப்படியே இருங்க."

இருந்தேன். அந்தப் பக்கம் விடுதி வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துப் போகிற சத்தம் கேட்டது. கல்லாவுக்கு முன்னால் நின்றவர் விதைப் பாக்கெட்டைக் காட்டி என்னவோ கேட்டார். சற்றுப் பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.